எதிரே வராதவள்

"நில்லு. இன்னும் போகல."

மாமியார் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஓர் எட்டு வைத்தால் இறக்கிவிடலாம். ஆனால் அந்த ஓர் எட்டு வைத்தால் கூடத்தில் இருப்பவர்களுக்கு முகம் தெரிந்துவிடும். கூடத்தில் வீட்டின் சின்னவள், மாமியாரின் ஒரே மகள், ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சைக்கிள் சுவரை விட்டு நகரும் சத்தம். வாசற்படியில் சக்கரம் இறங்கும் சத்தம். வாசலில் மாமியாரின் ஓரகத்தி சிரித்த முகமாக எதிரே வந்து, "போயிட்டு வா கண்ணு" என்றார். அதற்குள் பால் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது.

"போச்சு," என்றாள் மருமகள்.

"பால்தானே, போகட்டும்," என்றார் மாமியார். பிடித்த கையை அப்போதுதான் விட்டார்.

அந்த வீட்டில் கணவனை இழந்தவர்கள் இரண்டு பேர். மாமியார் பழைய கைதி, மருமகள் புதிய கைதி. யாராவது ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் இந்த இரண்டு முகங்களும் அவர்கள் கண்ணில் படக்கூடாது. இதற்கென்று காவலுக்கு ஆள் போடவில்லை. பழைய கைதியே காவலையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். இவ்வளவு சிக்கனமான சிறைச்சாலையை எந்த அரசாங்கமும் இதுவரை கட்டியதில்லை.

மகன் முதல் பரீட்சைக்குப் போனபோது மாமியார் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றார். முதல் வேலைக்குப் போனபோதும் அங்கேதான் நின்றார். பெண் பார்க்கப் போனபோது கதவு இடுக்கில் அவனுடைய புதுச் சட்டையின் முதுகு தெரிந்ததாம். அவனுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று இத்தனை வருடம் ஒளிந்து நின்றார் தாய். ஆனால் ஒரு மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. ஒளிந்து நின்றதால் எதைக் காப்பாற்றினோம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாகக் கதவுக்குப் பின்னால் இன்னொருத்திக்கும் இடம் ஒதுக்கினார்கள்.

சின்னவளின் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் மருமகள் பின்கட்டுக்குப் போனாள். கொட்டகையிலிருந்து கணவனின் பழைய சைக்கிளை எடுத்தாள். சந்து வழியாக, குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் உருட்டிக்கொண்டு போய் பெட்ரோல் பங்கு அருகில் சின்னவளோடு சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் போவது ஒரே பயிற்சிக்கு, ஒரே அணிக்கு. ஆனால் ஒருத்தி வாசல் வழியாகவும் இன்னொருத்தி சந்து வழியாகவும் போக வேண்டும். அதுதான் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் சைக்கிள் சங்கத்தின் தலைவர். மாமியாரின் கொழுந்தன். அண்ணன் செத்த பிறகு டயர் கடையையும் வீட்டையும் தன் கைக்குக் கொண்டுவந்தவர். அண்ணியையும் பிள்ளைகளையும் கைவிடாமல் காப்பாற்றுகிறார் என்று ஊரில் நல்ல பெயர். அந்த நல்ல பெயரை அவரும் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் தூசி தட்டி எடுத்துக் காட்டுவார்.

சங்கம் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலம் வரை போய், டீ குடித்து, அரசியல் பேசி, திரும்பி வரும் கூட்டம். வருடங்கள் ஓடின. சைக்கிள்கள்தான் தேய்ந்தன, தொப்பைகள் தேயவில்லை. இப்படிக் காற்று வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்களின் வயிற்றில் பக்கத்து ஊர்ச் சங்கம் புளியைக் கரைத்தது. அவர்கள் ஒரு பந்தயத்தில் கோப்பை வாங்கிவிட்டார்கள். பத்திரிகையில் படம் வேறு வந்துவிட்டது.

"நாமளும் ஒரு டீம் கட்டணும்," என்றார் தலைவர். அன்று முதல் அவருக்குத் தூக்கம் போயிற்று.

ஆண்கள் அணி ஒன்று கட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மூச்சு. இன்னொருவருக்கு அதிகாலையில் எழுந்திருப்பதே பெரிய பந்தயமாக இருந்தது. அணி கட்டிய வேகத்திலேயே அவிழ்ந்தது. அந்தச் சமயத்தில்தான் மாவட்டக் கழகம் ஆற்றங்கரைச் சாலையில் பெண்களுக்கு ஒரு பந்தயம் நடத்தப் போவதாக அறிவித்தது. மூன்று பேர் கொண்ட அணி இருந்தால் எந்தச் சங்கமும் கலந்துகொள்ளலாம். தலைவர் யோசித்தார். அண்ணன் மகள் நன்றாக ஓட்டுகிறாள். அவளைப் பெண் கேட்டுக்கொண்டிருந்த குடும்பத்தின் பெரியவர் மாவட்டக் கழகத்தில் துணைத் தலைவர். பெண் கோப்பையோடு நின்றால் கல்யாணப் பேச்சுக்குக் கால் முளைக்கும். சங்கத்தில் ஒரு நர்ஸ் இருந்தாள், வாய்த்துடுக்கு அதிகம், ஆனால் விடாமல் மிதிப்பாள். மூன்றாவது ஆள்தான் கிடைக்கவில்லை.

"எங்க ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல ஒருத்தி இருக்கா சார்," என்றாள் நர்ஸ். "தினம் ஆத்தங்கரை ரோட்டுல எதிர்காத்துல வர்றா. ஹேண்டில்ல சாப்பாட்டுத் தூக்கு வேற ஆடும். என் ஸ்கூட்டர் மூச்சு வாங்குது, அவ வாங்கல."

"அப்படியா? கூட்டிட்டு வாம்மா. யாரு அது?"

"உங்க வீட்டு மருமகதான் சார்."

மருமகள் வேலைக்குப் போகிறாள் என்பது தலைவருக்குத் தெரியும். எப்படிப் போகிறாள் என்று அவர் பார்த்ததில்லை. அவள் போகும்போது பார்க்கக்கூடாது என்பதும் அந்த வீட்டு நடைமுறைதானே.

அணிக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அதனால் பிள்ளைகள் வைத்த பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது: விசில். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அந்த விசிலோடுதான் உட்காருவார்.

"நமக்கு எதிரி மேடும் இல்ல, வெயிலும் இல்ல. காத்து," என்றார் விசில் முதல் நாள். "முன்னால போறவ காத்த உடைப்பா. அவ சக்கரத்த ஒட்டி ஒரு சாண் இடைவெளில வந்தீங்கன்னா உங்களுக்குப் பாதி உழைப்பு மிச்சம். கொஞ்ச தூரம் ஒருத்தி, அப்புறம் அடுத்தவ. முன்னால போறவ முழங்கைய ஆட்டினா முறை மாத்தணும்னு அர்த்தம். மூணு பேரும் ஒரே ஆளா ஓடணும்."

ஒரே ஆளாக ஓடுவது அவ்வளவு சுலபமா? முதல் வாரத்திலேயே நர்ஸ் சின்னவளின் பின்சக்கரத்தில் மோதிச் சாலையோரப் புதரில் விழுந்தாள். விழுந்தவள் தன் காயத்துக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டு, கட்டு முடியும் வரை விசிலைத் திட்டினாள். அடுத்த வாரம் சின்னவள் பயத்தில் பிரேக்கைப் பிடித்து மூவரையும் சாய்த்தாள். பிறகு மெல்ல மெல்லப் பழகியது. முன்னால் போகிறவள் குழியைப் பார்த்தால் கையைத் தாழ்த்திக் காட்டுவாள், பின்னால் வருகிறவர்கள் கேள்வி கேட்காமல் விலகுவார்கள். ஒருத்தியின் மூச்சுச் சத்தத்தை வைத்தே மற்றவள் அவள் களைத்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டாள். ஒரு நாள் மூவரும் பாலத்து மேட்டில் அப்படியே வழுக்கிக்கொண்டு ஏறியபோது மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தானே திடுக்கிட்டாள். கணவன் போன பிறகு தன் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை. அன்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தலைவர் ஒரு காலையில் வந்து பார்த்தார். பார்த்ததும் விசிலை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். மறுநாளிலிருந்து முறை மாற்றுவது நின்றுபோயிற்று. முன்னால் எப்போதும் மருமகள். அவள் முதுகுக்குப் பின்னால் சின்னவள். அதற்கும் பின்னால் நர்ஸ்.

"ஒரு டீம்னா ஒரு ஆளுக்காகத்தான் மத்தவங்க உழைக்கணும். பெரிய பந்தயத்துல எல்லாம் அப்படித்தான்," என்றார் விசில், யார் முகத்தையும் பார்க்காமல்.

அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் பெரிய பந்தயத்தில் அந்த ஒரு ஆளை வேகத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே அதை ஏற்கெனவே வீட்டில் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

நர்ஸ்தான் ஒரு நாள் டீக்கடையில் போட்டு உடைத்தாள்.

"எனக்கு ஒண்ணு விளங்கல சார். வீட்டுல கிளம்பும்போது இவ எதிர்ல வந்தா ஆகாது. சந்து வழியா வரணும். ரோட்டுக்கு வந்தா மட்டும் எல்லாருக்கும் முன்னால போகணும். நாங்க இவ முதுகுல ஒளிஞ்சிக்கிட்டு சொகுசா வருவோம். இது என்ன சார் நியாயம்? காத்துக்கு மட்டும் சகுனம் கிடையாதா?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி என்றால் அவளுக்கு உயிர். ஆனால் உயிராக இருப்பது வேறு, வாயைத் திறப்பது வேறு. விசில் ஆறிப்போன டீயை இன்னும் ஊதிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. எந்த அநியாயத்தையும் அவர் தன் கையால் செய்ததில்லை, பக்கத்தில் மட்டும் நின்றிருக்கிறார். ஒரு வழக்கம் உயிரோடு இருக்க இப்படிப்பட்ட நல்லவர்கள் போதும்.

"விடுக்கா," என்றாள் மருமகள். "எனக்கு முன்னால போறதுதான் பிடிச்சிருக்கு."

அதுவும் உண்மைதான். முன்னால் யாரும் இல்லாத சாலை அவளுக்குப் பிடித்திருந்தது. காற்று முகத்தில் அறையும். அறையட்டும். வீட்டில் ஒருவரும் அவள் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. காற்றாவது பார்த்ததே என்று நினைத்துக்கொள்வாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் டயர் கடையின் பின்னறையில் கூடினார்கள். ரப்பர் வாசனை மூக்கைத் துளைத்தது. தலைவர் அடுக்கிவைத்த டயர்மீது உட்கார்ந்து திட்டம் சொன்னார்.

"கடைசித் திருப்பம் தாண்டினதும் பாலத்து மேடு வரும். மேட்டுக்குப் பாதில விசில் சத்தம் கேக்கும். கேட்ட உடனே நீ இடது பக்கம் ஒதுங்கிடு. சின்னவ உன்னத் தாண்டிப் போயிடுவா. புரியுதாம்மா?"

"புரியுது மாமா."

மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு அவள் தலையாட்டவில்லை. நிஜமாகவே ஒதுங்குவதாகத்தான் இருந்தாள். ஒதுங்குவதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

பந்தயத்தன்று காலையில் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் நின்றாள், வழக்கம்போல் சந்து வழியாகப் போனாள். அவள் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது கொடிகள் படபடத்துக்கொண்டிருந்தன. நல்ல காற்று. பந்தலின் கீழே முதல் வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஓடி வந்தார்.

"நீ முன்னால நிக்காத. கடைசி வரிசைல நின்னுக்கோ. அவங்க கண்ணுல முதல்ல சின்னவ படட்டும். கொடி இறங்கினதும் முன்னால வந்துடு."

மருமகள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள். நர்ஸ் அவள் முதுகில் எண் அட்டையை ஊசியால் குத்திக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பயிற்சி மையத்துக்குப் போனா வாரம் ஒரு நாளாவது விடுவாங்களா, தெரியல," என்றாள் நர்ஸ்.

"எந்த மையம்?"

"என்னடி இது? ஜெயிக்கிறவளுக்கு மாநிலப் பயிற்சி மையத்துல இடம். தங்குறதுக்கு ரூம், சாப்பாடு, சைக்கிள் எல்லாம் அவங்களே. முடிச்சா வேலையும் உண்டாம். விசில் சொல்லலையா?"

"இல்லையே."

"மூணு பேருக்கும் சொல்லிட்டதா எங்கிட்ட சொன்னாரே அந்த மனுஷன்!"

மருமகள் பந்தலின் பக்கம் பார்த்தாள். "சின்னவ அங்க போவாளா?"

"எங்க போவா? அதோ மாப்பிள்ளை வீடே வந்து உக்காந்திருக்கு. கோப்பைய வாங்கி ஹால்ல வச்சிட்டு, இடத்த வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுவாங்களாம். உங்க சின்ன மாமனார் விசில்கிட்ட பேசினத நானே கேட்டேன்."

விசில் அந்தப் பக்கமாக வந்தார். மருமகள் அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"சார், ஜெயிக்கிறவங்களுக்கு இடம் இருக்குன்னு எனக்கு ஏன் சொல்லல?"

விசில் கழுத்துக் கயிற்றைத் திருகினார். "சொல்லி என்னம்மா ஆகப்போகுது? வீணா ஆசை காட்டக்கூடாதுன்னுதான்..."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவளிடமிருந்து எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். யாருக்கும் வேண்டாத ஒன்றைக்கூட அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லையே! தூக்கிப் போடப் போகிற இடத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கொடி இறங்கியது.

கடைசி வரிசையிலிருந்து முன்னால் வருவதற்கே அவளுக்கு ஆறு திரும்பும் இடம் வரை ஆகிவிட்டது. வந்ததும் தலையைத் தாழ்த்தி மிதித்தாள். பின்னால் சின்னவளின் மூச்சு கேட்டது. நர்ஸ் கொஞ்ச தூரம் ஒட்டிவந்து, "போங்கடி, போங்க!" என்று கத்திவிட்டுப் பின்தங்கினாள். கூட்டம் நூலாக நீண்டு அறுந்தது. கடைசித் திருப்பத்தில் அவளோடு இருந்தவர்கள் சின்னவளும், பக்கத்து ஊர்ச் சங்கத்தின் சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தியும்தான்.

பாலத்து மேட்டில் ஏறியதும் காற்று மறைப்பே இல்லாமல் ஆற்றிலிருந்து நேராக வந்து மோதியது. பாதி மேட்டில் விசில் சத்தம் கேட்டது. தெளிவாகக் கேட்டது. மாதக்கணக்காக அந்தச் சத்தத்துக்கு அவள் கால்கள் பழகியிருந்தன, சொன்னால் நிற்கும், சொன்னால் ஓடும். கைப்பிடி இடது பக்கம் திரும்பக்கூட ஆரம்பித்தது.

அவள் அதை நேராக்கினாள்.

விசில் மறுபடியும் ஊதினார். மறுபடியும் மறுபடியும் ஊதினார். சின்னவள் குழம்பிப்போனாள். சொல்லிவைத்தபடி அண்ணி ஒதுங்கவில்லை, சரி, நாமே வலது பக்கமாகப் போய்விடுவோம் என்று வெளியே வந்தாள். இரண்டு மிதி மிதித்தாள். அவ்வளவுதான். யாரோ மார்பில் கைவைத்துத் தள்ளியதுபோல் காற்று அவளைப் பின்னால் தள்ளியது. சிவப்புச் சட்டைக்காரியும் வெளியே வந்து பார்த்தாள், அவளுக்கும் அதே கதிதான். மருமகளுக்கோ அது தினமும் தூக்குச் சட்டியோடு வேலைக்குப் போகிற வழி. வெள்ளைக் கோட்டைத் தாண்டியபோது அவள் முன்னால் யாரும் இல்லை. சிவப்புச் சட்டைக்காரி இரண்டாவது, சின்னவள் மூன்றாவது.

பரிசு கொடுக்கும்போது, ஜெயித்த சங்கத்தின் தலைவர் என்பதால், அவர்தான் கோப்பையை எடுத்து நீட்ட வேண்டியிருந்தது. நீட்டினார். புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார், அவளைப் பார்க்கவில்லை. பல்லுக்குள்ளேயே கேட்டார்:

"விசில் சத்தம் கேக்கலையா?"

"கேட்டது மாமா."

அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

அன்று மாலை கோப்பை கூடத்துக்கு வரவில்லை, பின்கட்டுக் கொட்டகையில் கிழிந்த டயர்களுக்கு நடுவில் இருந்தது. சின்னவள் சமையலறைக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவ ஒதுங்கலையாமே," என்றார் மாமியார், பாதி கோபமாக.

"ஆமா. நானே தாண்டலாம்னு வெளிய வந்தேன்மா." சின்னவளின் குரல் உடைந்தது. "காத்து அப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. இத்தன நாள் அண்ணி முதுகுக்குப் பின்னாலயே வந்துட்டேன். ஒரு நாளாவது எனக்குத் தெரிஞ்சுதா? இன்னிக்கு ரெண்டே மிதிதான். கண்ணுல தண்ணி வந்துருச்சு."

மருமகள் குழாயை மூடினாள். மாமியார் மகளின் தலையைத் தடவிக்கொண்டே கதவைப் பார்த்தார். அந்தக் கதவின் பின்பக்கத்தில் தோள் உயரத்துக்குச் சாயம் போயிருந்தது. சாய்ந்து சாய்ந்து நின்ற இடம். வலது பக்கம் அவருடையது. அதற்கு இடப்பக்கம் கொஞ்சம் புதிதாக இன்னொரு தடம் விழ ஆரம்பித்திருந்தது. அதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

பிறகு நடந்ததெல்லாம் உலக வழக்கம்தான். பத்திரிகையில் படம் வந்தது. சங்கத்துக்குப் பெயர் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு மூன்றாவது இடமே போதுமாக இருந்தது, நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். பயிற்சி மையத்திலிருந்து அழைப்பு வந்தபோது தலைவர் முதலில் முடியாது என்றார். சங்கத்துக்காரர்கள் வீடு தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கியதும் முடியும் என்றார். பாராட்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "எங்க வீட்டுப் பொண்ணு. நாங்க ஊக்கம் குடுத்து வளத்த பொண்ணு" என்று கண் கலங்கப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்கும் அவள் சந்து வழியாகத்தான் போனாள்.

அவள் கிளம்ப வேண்டிய நாளும், மாப்பிள்ளை வீட்டார் நிச்சயம் பேச வருகிற நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன.

"அவங்க வர்றதுக்குள்ள பின்பக்கமாப் போயிடும்மா," என்றார் தலைவர் காலையில், வெகு பிரியமாக. "நல்ல காரியம் நடக்குற வீடு. உனக்குச் சொல்லணுமா?"

"சொல்ல வேண்டாம் மாமா."

அவள் கொட்டகைக்குப் போனாள். சைக்கிளில் பையைக் கட்டினாள். பிறகு சந்துப் பக்கம் திரும்பாமல், பின்கதவு வழியாகச் சைக்கிளை வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். புதிதாகக் கழுவிய தரையில் சக்கரத் தடம் நீளமாக விழுந்தது. கூடத்தில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த ஓரகத்தி, "ஐயையோ, என்ன இது?" என்றார். சின்னவள் புதுத் துணியோடு ஓடிவந்து நின்றாள்.

மருமகள் சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே யாரையும் காணோம்.

"அத்தை."

கதவுக்குப் பின்னால் வளையல் இல்லாத ஒரு கை மட்டும் கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தது.

"அத்தை, வெளிய வாங்க."

"போ, போ. நிக்காத," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "நல்ல காரியத்துக்குப் போறவ. நான் எதிர்ல வரக்கூடாது. நீயாவது நல்லா இருக்கணும்."

மருமகளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை நாள் தன்னை இழுத்துப் பிடித்து நிறுத்திய கை அது. இப்போது தனக்காக ஒளிந்துகொண்டிருக்கிறது. தன் பயணமும் ஒரு நல்ல காரியம் என்று இந்த வீட்டில் நினைத்தவர் இவர் ஒருவர்தான். அதற்கு இவருக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

"நீங்க ஒளிஞ்சு நின்னு வழியனுப்பினவங்கள எல்லாம் நான் பாத்துட்டேன் அத்தை. உங்க பிள்ளையும் அப்படித்தான் போனார். நான் அப்படிப் போகமாட்டேன். நீங்க எதிர்ல வந்து நில்லுங்க. வந்தாத்தான் நான் வாசல் தாண்டுவேன்."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா."

"நேரமாகுது!" என்று வாசலிலிருந்து தலைவர் குரல் கொடுத்தார். "அவங்க கார் பெட்ரோல் பங்கு தாண்டிருச்சாம்! யாரது கூடத்துல சைக்கிளோட?"

சின்னவள் கதவண்டை போனாள். கதவை இழுத்து, அம்மாவின் கையை விளிம்பிலிருந்து மெல்லப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வாம்மா. அண்ணி போறதையாவது பாரேன். நான் போறத ஒரு நாளும் நீ பாத்ததில்ல."

மாமியார் வந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, கூடத்தில் போட்டிருந்த நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து, கையில் நாற்காலியோடு நின்ற ஓரகத்தியைத் தாண்டி, வாசற்படியில் இறங்கினார். தெருவில் நாலு எட்டு நடந்து திரும்பி நின்றார். கணவர் போன நாளிலிருந்து, யாரும் கிளம்புகிற நேரத்தில் அவர் அங்கே நின்றதில்லை. வெயில் கண்ணில் குத்தியது. கையை நெற்றியில் மறைப்பாக வைத்துக்கொண்டு மருமகளின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார்.

"போயிட்டு வா," என்றார்.

மருமகள் அவர் பக்கமாகவே சைக்கிளை ஓட்டிவந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். அதே நேரம் தெருவின் மறுமுனையில் மாப்பிள்ளை வீட்டாரின் கார் திரும்பி உள்ளே வந்தது. தலைவருக்கு வியர்த்துவிட்டது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"அண்ணி, உள்ள போங்க. வந்துட்டாங்க. தயவுசெஞ்சு உள்ள போங்க!"

மாமியார் காரின் பக்கம் திரும்பவில்லை. நெற்றியில் வைத்த கையை எடுக்காமல் மறுபக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருப்பா," என்றார். "அவ முனை திரும்பட்டும். பாத்துட்டு வரேன்."